ஆண்களுக்கு ஒரு நோட்டீஸ், பெண்களுக்கு ஒரு நோட்டீஸ் அடிக்கும் முன்: சென்னையில் சிறு தொழில் செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அம்பத்தூரில் ஜிம் நடத்தும் தம்பி ஒருவர் என்னிடம் இரண்டு நோட்டீஸ் எழுதிக் கேட்டார். "அண்ணா, லேடீஸுக்கு ஒண்ணு, பிங்க் கலர்ல. ஜென்ட்ஸுக்கு ஒண்ணு, கறுப்புல. அவங்களுக்கு 'ஸ்லிம் ஆகலாம்'னு போடுங்க, இவங்களுக்கு 'சிக்ஸ் பேக்'னு போடுங்க, போதும்." அரை மணி நேர வேலை. எழுதிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கியிருக்கலாம். எதற்கும் ஒரு சாயங்காலம் ஜிம்மில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று போனேன்.

ட்ரெட்மில்லில் ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் புடவைக்குப் பதில் சுடிதாரில் நடந்துகொண்டிருந்தார். டாக்டர் சர்க்கரை ஏறிவிட்டது என்று சொன்னதால் வந்தவர். பக்கத்து மெஷினில் அதே வயதில் ஒரு வங்கி ஊழியர், அவரும் சர்க்கரைக்காக வந்தவர்தான். உள்ளே ஒரு கல்லூரிப் பெண் தன் எடையைவிடக் கூடுதலான பாரத்தைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், எந்தக் கருவியைத் தொடுவது என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். 'ஸ்லிம்', 'சிக்ஸ் பேக்' என்ற இரண்டு நோட்டீஸில் எது இந்த நான்கு பேரில் யாருக்குப் பொருந்தும்? ஒன்றும் பொருந்தாது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்ல வரவில்லை. பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலும், ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலும் இருக்கும் வித்தியாசம் பல சமயம் அதைவிடப் பெரியது என்கிறேன். விளம்பரம் எழுதுகிறவர் முதலில் அதைப் பிடிக்க வேண்டும். எப்படிப் பிடிப்பது என்பதை அந்த ஜிம்மை வைத்தே சொல்கிறேன். உங்கள் தொழில் தையல் கடையாகவோ மிக்ஸி சர்வீஸாகவோ இருந்தாலும் வழி ஒன்றுதான்.

படி 1: நான்கு பேரைக் கண்டுபிடியுங்கள்

ஒரு பொருள் விற்கிறது என்றால் அதற்குள் நான்கு வேலைகள் நடக்கின்றன. வேண்டும் என்று ஆரம்பிப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் ஒருவர், பயன்படுத்துபவர் ஒருவர். நான்கும் ஒரே ஆளாக இருக்கலாம், நான்கு ஆளாகவும் இருக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்தி போட்டு, கடைசியாக வந்த 30 வாடிக்கையாளர்களுக்கு யார் யார் என்று நினைவிலிருந்தே எழுதுங்கள். நினைவு வராத இடத்தில் அடுத்த முறை அவர்கள் வரும்போது பேச்சுவாக்கில் கேளுங்கள்.

இதற்கு நம் ஊரிலேயே பழைய உதாரணம் உண்டு. சென்னையில் தொடங்கிய டி.டி.கே. குழுமத்தின் பிரஸ்டீஜ் குக்கர் விளம்பரம், மனைவிமேல் அன்பு வைத்திருக்கும் கணவன் இந்தக் குக்கரை வேண்டாம் என்று சொல்வானா என்று கேட்டது. சமைப்பது மனைவி, ஆனால் விளம்பரம் பேசியது கணவனிடம். அன்றைக்குப் பல வீடுகளில் கடையில் பணத்தை எண்ணிக் கொடுத்தது அவர்தான். கணக்கு அன்றைக்குச் சரி. இன்று அதே வரியை அப்படியே போட்டால் என்ன ஆகும்? சம்பளம் வாங்கும் பெண் தன் போனிலேயே குக்கரை ஆர்டர் செய்துவிடுகிறார். திருவல்லிக்கேணி மேன்ஷனிலும் ஓ.எம்.ஆர். அடுக்குமாடியிலும் தனக்குத் தானே சமைத்துக்கொள்ளும் பையனுக்குக் குக்கரும் வேண்டும், ரைஸ் குக்கரும் வேண்டும். அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசும் சமையல் பாத்திர விளம்பரத்தை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

நகைச் சீட்டும் இதே கதைதான். விளம்பரத்தில் அப்பா மகளுக்கு வாங்குவார், கணவன் மனைவிக்கு வாங்குவார். கவுண்டரில் பார்த்தால், மாதச் சம்பளத்தில் சீட்டுக் கட்டித் தனக்கே வளையல் எடுக்கும் பெண் நின்றுகொண்டிருப்பார். முகூர்த்தப் பட்டு எடுக்கத் தி.நகருக்கு எட்டுப் பேராகக் கிளம்பி வரும் குடும்பத்தில் முடிவு மணப்பெண்ணிடம் இருக்கிறதா, அத்தையிடமா, கார்டை நீட்டும் அண்ணனிடமா என்பது விற்பனையாளருக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். விளம்பரம் எழுதுபவருக்குத்தான் கடைசி வரை தெரிவதில்லை. அதனால் எழுதுவதற்கு முன் கவுண்டரில் நிற்பவரிடம் பேசுங்கள்.

படி 2: வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

"பொம்பளைங்க இப்படித்தான், ஆம்பளைங்க அப்படித்தான்" என்று யாராவது சொன்னால், அது உடலால் வந்ததா, ஊரால் வந்ததா, வெறும் பேச்சா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆய்வுகள் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005-இல், ஆண் பெண் மனவேறுபாடுகளைப் பற்றிய 46 தொகுப்பாய்வுகளை, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட ஆய்வுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தார். பெரும்பாலான வேறுபாடுகள் மிகச் சிறியவை அல்லது இல்லை என்றே சொல்லலாம் என்ற அளவில் இருந்தன. சிறியது என்றால் எவ்வளவு? புள்ளியியலில் 'சிறிய வேறுபாடு' என்று வழக்கமாகச் சொல்லும் அளவில், ஆண்கள் கூட்டத்தின் வரைபடத்தையும் பெண்கள் கூட்டத்தின் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் சுமார் 92 சதவீதம் மூடிக்கொள்ளும். மீதமிருக்கும் 8 சதவீதத்தை நம்பி இரண்டு நோட்டீஸ் அடிப்பது வீண்செலவு.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. விளம்பர ஆய்வாளர் ஜோன் மேயர்ஸ்-லெவி 1989 வாக்கிலிருந்து எழுதியவற்றின் சாரம்: பெண்கள் விளம்பரத்திலுள்ள விவரங்களைக் கூடுதலாக உள்வாங்குகிறார்கள், ஆண்கள் கண்ணில் முதலில் படும் ஒன்றிரண்டை வைத்து முடிவுக்கு வருகிறார்கள். கவனமாகப் பார்க்க வேண்டிய தேவை வந்துவிட்டால் இந்த வித்தியாசம் தேய்ந்துவிடுகிறது என்பதும் அதே ஆய்வு வரிசையில் இருக்கிறது. நோட்டீஸ் எழுதும் எனக்கு இதிலிருந்து கிடைத்தது ஒரே பாடம்: முக்கியமான ஒன்றைப் பெரிய எழுத்தில் மேலே போடு, முழு விவரத்தைக் கீழே போடு. அப்படிச் செய்தால் ஒரே தாள் எல்லோருக்கும் போதும்.

ஊரால் வரும் வித்தியாசத்தில்தான் உண்மையான சரக்கு இருக்கிறது. ஜிம்முக்கு வந்த பெண்களிடம் தம்பியின் அக்கா பேசிப் பார்த்தார். ஒருவர்கூட 'ஸ்லிம்' என்று ஆரம்பிக்கவில்லை. கேட்ட கேள்விகள் இவை: உடை மாற்றும் அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா? கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது? பெண் பயிற்சியாளர் எத்தனை மணி வரை இருப்பார்? பஸ் ஸ்டாப்பிலிருந்து வரும் சந்தில் தெருவிளக்கு எரிகிறதா? மகன் டியூஷன் முடிவதற்குள் வீட்டுக்குப் போய்விட முடியுமா? இது பெண் மனத்தின் இயல்பு என்று யாராவது கட்டுரை எழுதினால் நம்பாதீர்கள். தெருவும் வீடும் அப்படி அமைந்திருப்பதால் வரும் கேள்விகள். தெருவிளக்கு எரியாத சந்தில் இரவு வேலை முடிந்து நடக்கும் ஆணுக்கும் அந்தக் கேள்வி வரும், வாய்விட்டுக் கேட்க மாட்டார், அவ்வளவுதான்.

பஸ்ஸையும் கணக்கில் எடுங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நான்கு ஸ்டாப் தள்ளியிருக்கும் உங்கள் கடைக்கு வர அவருக்குச் செலவில்லை, அவர் கணவர் வந்தால் பெட்ரோல் செலவு. ஆகவே 'எந்தப் பேருந்து, எந்த ஸ்டாப், அங்கிருந்து எத்தனை நிமிட நடை' என்ற ஒரு வரி, பூப்போட்ட பார்டரைவிட வேலை செய்யும்.

வெறும் பேச்சால் வரும் வித்தியாசத்துக்கு உதாரணம், பேனா தயாரிக்கும் பிக் (BIC) நிறுவனம் பெண்களுக்கென்றே விற்ற பேனா. 2012-இல் இணையக் கடையில் அதன் கீழே வாடிக்கையாளர்கள் எழுதிய கிண்டல் விமர்சனங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. இத்தனை நாள் ஆண்களின் பேனாவைப் பிடித்து எப்படி எழுதினோம் என்ற ரீதியில் ஆளாளுக்கு வெளுத்து வாங்கினார்கள். பேனாவைப் பிடிப்பதில் ஆண் என்ன, பெண் என்ன?

ஆனால் பிரித்துப் பேசியது பலித்த இடமும் உண்டு. இமாமி நிறுவனம் 2005-இல் ஆண்களுக்கென்று ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் என்ற சிவப்பழகு க்ரீமைக் கொண்டுவந்தது, ஆண்கள் அதுவரை பெண்களின் க்ரீமை ரகசியமாகப் பூசிக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான். நிறத்தை விற்கும் அந்தப் பொருளில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. இருந்தாலும் கவனிக்க வேண்டியது: தேவை இரு பாலுக்கும் ஒன்று, வெட்கம் ஒரு பாலுக்கு மட்டும். அந்த வெட்கத்தை நீக்கியதுதான் விளம்பரத்தின் வேலை. உங்கள் தொழிலில் அப்படியொரு வெட்கம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். தையல் வகுப்பில் சேர ஆசைப்படும் ஆண், வண்டி மெக்கானிக்கிடம் கேள்வி கேட்கத் தயங்கும் பெண். இந்த இடங்களில் தனிச் செய்தி எழுதலாம்.

படி 3: குவியலை இரண்டு முறை பிரியுங்கள்

30 வாடிக்கையாளர்களையும் 30 துண்டுச் சீட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் ஆணா பெண்ணா, ஏறக்குறைய வயது, ஏன் வந்தார், வருவதற்கு முன் எதற்காகத் தயங்கினார். தரையில் பரப்பி, முதலில் ஆண் பெண் என்று இரண்டு குவியலாக்குங்கள். ஒரே குவியலில் உள்ள சீட்டுகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் எல்லாவற்றையும் கலைத்து, 'ஏன் வந்தார், எதற்குத் தயங்கினார்' என்பதை வைத்துப் பிரியுங்கள்.

ஜிம்மில் இரண்டாவது முறை நான்கு குவியல் வந்தது. டாக்டர் சொல்லி வந்தவர்கள், இதில் இரு பாலும் கலந்திருந்தார்கள். குழந்தை பிறந்த பின் உடம்பைத் தேற்ற வந்தவர்கள், எல்லோரும் பெண்கள். பாரம் தூக்குவதையே குறியாகக் கொண்டவர்கள், பெரும்பாலும் பையன்கள், இரண்டு பெண்கள். நான்காவது குவியல்தான் எங்கள் இருவருக்கும் ஆச்சரியம்: 'எல்லோரும் பார்ப்பார்கள்' என்று கூச்சப்பட்டே பல மாதம் தள்ளிப்போட்டவர்கள். தம்பி இதில் பெண்கள் மட்டும் இருப்பார்கள் என்று நினைத்திருந்தார். ஆண்களும் சரிக்குச் சரி இருந்தார்கள்.

ஒரு குவியல் முழுக்க ஒரே பால் என்றால் அங்கே பாலைச் சொல்லி எழுதலாம். கலந்திருந்தால் காரணத்தைச் சொல்லி எழுதுங்கள்.

படி 4: தமிழில் எழுதும்போது

தமிழுக்கு ஒரு வசதி உண்டு. 'நீங்கள்' என்று எழுதிவிட்டால் ஆண் பெண் என்ற பேச்சே வராது. 'வாருங்கள்', 'பாருங்கள்', 'வாடிக்கையாளர்', 'சேர்ந்தவர்கள்' எல்லாம் எல்லோருக்கும் பொது. பால் நுழைவது உறவுச் சொற்கள் வழியாகத்தான். 'உங்கள் மனைவிக்கு ஒரு பரிசு' என்று எழுதினால் படிப்பவர் ஆண் என்று முடிவுகட்டிவிட்டீர்கள். 'அம்மாவின் கவலை தீர்ந்தது' என்று வாஷிங் மெஷினுக்கு எழுதினால் துணி துவைக்கும் வேலையை அம்மா தலையில் கட்டிவிட்டீர்கள். துவைக்கும் வேலையைக் கணவனும் பகிர்ந்துகொள்ளட்டும் என்று ஏரியல் 2015-இல் இந்தியாவில் ஆரம்பித்த விளம்பர வரிசை பல வருடம் ஓடியதற்குக் காரணம், எல்லோரும் போட்ட முடிச்சை அது அவிழ்த்ததுதான்.

விளிப்பதில் கவனம் தேவை. கடையில் "வாங்கக்கா", "சொல்லுங்க சார்", "என்ன மேடம் பாக்குறீங்க" என்று கூப்பிடுவது பலிக்கிறது, ஏனென்றால் ஆளைப் பார்த்துக் கூப்பிடுகிறோம். கோயம்பேட்டில் காய்க்காரம்மா "வாம்மா" என்றால் அதில் ஒரு குழைவு இருக்கிறது. அச்சில் ஆள் தெரியாது. 'அக்காமார்களே' என்று நோட்டீஸில் போட்டால் இருபத்திரண்டு வயதுப் பெண் தனக்கில்லை என்று மடித்துவிடுவாள், அறுபது வயது அம்மாவும் அப்படியே. ஆன்ட்டி என்ற சொல்லை எந்தக் காரணத்துக்காகவும் அச்சடிக்காதீர்கள். 'சகோதரிகளே' என்றால் மைக் செட் சத்தம் கேட்கும். 'மச்சி', 'தல' என்று ஆரம்பித்தால் ஐம்பது வயது ஆண் போய்விடுவார். நான் விளிப்பதையே விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

'இல்லத்தரசி' என்ற சொல்லில் எனக்குச் சங்கடம் உண்டு. வீட்டிலிருந்தபடியே பிளவுஸ் தைத்து, சீட்டு நடத்தி, மாவு அரைத்து விற்கும் ஒருவரை அந்தச் சொல் வேலையில்லாதவர் ஆக்கிவிடுகிறது. 'குடும்பத் தலைவி' என்பது மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகைத் திட்டம் 2023 செப்டம்பரில் வந்த பிறகு எல்லோர் வாயிலும் புழங்கும் சொல்லாகிவிட்டது. ஆனால் அதில் விண்ணப்பப் படிவத்தின் வாசனை அடிக்கிறது. 'பகலில் வீட்டில் இருப்பவரா?' என்று நிலைமையைக் கேட்டால் ஓய்வுபெற்ற தாத்தாவும் அதில் அடங்குவார்.

ஜிம்முக்குக் கடைசியில் எழுதியது நான்கு செய்தி.

டாக்டர் சொல்லி வருபவர்களுக்கு: "'தினமும் நடங்க' என்று டாக்டர் சொல்லி எத்தனை மாதம் ஆகிறது? மழையோ வெயிலோ, இங்கே நடக்கலாம். காலை 5.30 முதல்."

குழந்தை பெற்றவர்களுக்கு: "உடற்பயிற்சி தொடங்கலாம் என்று உங்கள் டாக்டர் சொல்லிவிட்டாரா? காலை 10.30 முதல் 12 வரை பெண்கள் மட்டும். பெண் பயிற்சியாளர். உடை மாற்றும் அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டு."

பாரம் தூக்குபவர்களுக்கு: "ஸ்குவாட் ரேக் இரண்டு. மாலையிலும் காத்திருக்க வேண்டாம்." இதில் ஆண் படமும் போடவில்லை, பெண் படமும் போடவில்லை. இரும்பின் படம் மட்டும்.

கூச்சப்படுபவர்களுக்கு: "முதல் நாள் எந்தக் கருவியைத் தொடுவது என்று யாருக்கும் தெரியாது. முதல் வாரம் முழுக்க ஒருவர் உங்கள் கூடவே இருப்பார்."

பதினைந்து நாளில் பத்துக் கிலோ குறையும் என்று போடச் சொல்லித் தம்பி கடைசி வரை கேட்டார். தவறான விளம்பரம் நுகர்வோர் சட்டத்தில் மாட்டும் என்று சொல்லி மறுத்துவிட்டேன். இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: பெண்களை ஆபாசமாகச் சித்திரிப்பதைத் தடுக்க 1986-லேயே தனிச் சட்டம் உண்டு. ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்ற தீங்கான வார்ப்புகளை விளம்பரத்தில் தவிர்க்க வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2022 ஜூனில் வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது.

படி 5: யாருடைய போன் அது?

பில் கவுண்டரில் சொல்லப்படும் நம்பர் வாங்கியவருடையது என்று நம்பிவிடாதீர்கள். மனைவி வாங்கும்போது கணவரின் நம்பரைச் சொல்வதும், அம்மா வாங்கும்போது மகளின் நம்பரைச் சொல்வதும் நம் வழக்கம். அந்த நம்பரை வைத்து 'ஆண் வாடிக்கையாளர்' என்று கம்ப்யூட்டர் போடும் கணக்கு பாதிக்குப் பாதி பொய்யாக இருக்கலாம். பால் என்ன என்பது உங்களுக்கு எதற்கும் பயன்படாது என்றால் கேட்காமலே விடலாம். கேட்பதானால் ஆண், பெண் என்று இரண்டு கட்டத்தோடு நிறுத்தாதீர்கள். மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் 2014-லேயே அங்கீகரித்துவிட்டது. திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்து 2008-இல் வழிகாட்டியது தமிழ்நாடு.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், நாடு முழுவதும் எப்போதாவது இணையம் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் ஆண்களில் சுமார் 57 சதவீதம், பெண்களில் 33 சதவீதம்தான். தமிழ்நாட்டில் நிலைமை அதைவிட மேல், சென்னையில் இன்னும் மேல் என்று வைத்துக்கொண்டாலும், ஒரே போனை வீட்டில் மூன்று பேர் எடுத்துப் பார்ப்பது இங்கும் உண்டு. ஆகவே வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது திறக்காமலே தெரியும் முதல் வரியில் உடல் எடை, மாதவிடாய், கடன் பாக்கி எதுவும் வரக் கூடாது. கடைப் பெயரும் வணக்கமும் போதும்.

எங்கே ஒட்டுவது என்பதற்குப் பெரிய சூத்திரம் இல்லை. டாக்டர் சொல்லி வருபவர்களுக்கான நோட்டீஸ் மருந்துக்கடைப் பலகையிலும், காலை நடையாளர்கள் வரும் பூங்கா வாசலிலும். குழந்தை பெற்றவர்களுக்கானது அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில், காலை பத்து மணிக்கு மேல். அதற்கு முன் அனுப்பினால் டிபன் பாக்ஸ் அமளியில் காணாமல் போகும்.

படி 6: எண்ணிப் பாருங்கள்

இரண்டு விதமாக எழுதினால் இரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே பகுதியில், சம எண்ணிக்கையில் கொடுங்கள். ஒன்றை ஆடித் தள்ளுபடியின்போதும் மற்றதைப் பள்ளி திறக்கும் ஜூனிலும் கொடுத்துவிட்டு ஒப்பிடாதீர்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். நோட்டீஸின் மூலையில் சின்னக் குறி போட்டு, கொண்டுவருபவருக்கு ஒரு நாள் இலவசம் என்று சொன்னால் கணக்கு தானாகக் கிடைக்கும்.

கணக்கு வந்ததும் அவசரப்பட வேண்டாம். இரண்டு எண்ணிக்கையையும் கூட்டுங்கள், அதன் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டால் பெருக்குங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் நம்பலாம். ஒன்றுக்கு 9 பேர், மற்றதுக்கு 12 பேர் வந்தால் வித்தியாசம் 3, வர வேண்டியது 9-க்கு மேல். அது வெறும் தற்செயல். 10 பேரும் 30 பேரும் என்றால் வித்தியாசம் 20, தேவை 13-க்குக் கீழே, நம்பலாம். பெண்களுக்கு இது பிடிக்கிறது, ஆண்களுக்கு அது பிடிக்கிறது என்று கூட்டத்தில் அடித்துச் சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பதிலைப் பாலை வைத்தும் பாருங்கள், குவியலை வைத்தும் பாருங்கள். கூச்சப்படுபவர்களுக்கான நோட்டீஸை ஆண்களே அதிகம் கொண்டுவந்தால் அதைச் சலூனிலும் டீக்கடையிலும் ஒட்ட வேண்டும். நோட்டீஸ் சொன்னது உண்மையாகவும் இருக்க வேண்டும். எங்கள் இரண்டாவது செய்தி அச்சுக்குப் போகும் முந்தின நாள்தான் தம்பி உடை மாற்றும் அறையைப் போய்ப் பார்த்தார். தாழ்ப்பாள் வெளியே மட்டும்தான் இருந்தது. அச்சகத்துக்கு போன் போட்டு ஒரு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, தச்சரைக் கூப்பிட்டார்.